கிளம்புற நேரத்தை விட திரும்புற நேரம்தான் முக்கியம் தம்பி

கேள்வி: அக்கா, எனக்கு 41 வயசு. வீடு வேளச்சேரி, ஐடி வேலை சோழிங்கநல்லூர்ல. ஜனவரியில முதல் 200 கிலோமீட்டர் பிஆர்எம் (குறிச்ச நேரத்துக்குள்ள முடிக்க வேண்டிய நீண்ட தூர சைக்கிள் ரைடு) ஓட்டணும்னு ஆசை. அதுக்காக ரெண்டு மாசமா சனி, ஞாயிறு ரெண்டு நாளும் ஈசிஆர்ல நீளமா ஓட்டுறேன். மனைவி பேங்க்ல இருக்காங்க, பசங்களுக்கு 9, 5 வயசு. சனிக்கிழமை நீச்சல் கிளாஸ், ஞாயிறு மதியம் மாமியார் வீடு. போன வாரம், "நீங்க சைக்கிளோடவே குடும்பம் நடத்துங்க"ன்னு சொல்லிட்டாங்க. விட்டுடவா?

பதில்: விடாதீங்க தம்பி. ஆனா இப்ப ஓட்டுற மாதிரி ஓட்டாதீங்க.

நான் ரெண்டு பக்கமும் இருந்தவ. எங்க வீட்டுக்காரர் ஓட்ட ஆரம்பிச்சப்ப எங்க பசங்களும் சின்னதுங்க, அப்புறம் அதுங்க வளர்ந்த பிறகு நானும் வண்டி வாங்கி ஓட்ட ஆரம்பிச்சேன். அதனால சொல்றேன், அவர் விடிகாலையில 4 மணிக்குப் போனது எனக்கு ஒரு குறையாவே தெரியல, அப்ப வீடே தூங்கிட்டுதான் இருக்கும். 9 மணிக்கு வரேன்னு சொல்லிட்டு பதினொன்றரைக்கு வருவார், போன் எடுக்க மாட்டார், வாசல்ல லாரி சத்தம் கேட்டாலே எனக்கு வயித்தைக் கலக்கும், வந்ததும் குளிச்சு சாப்பிட்டுட்டு ஏசியப் போட்டு 4 மணி வரைக்கும் தூங்கிடுவார். 5 மணி நேர ரைடு எங்களுக்கு ஒரு முழு நாளா போயிடும். வலிச்சது அந்த மிச்ச நாள்தான்.

இன்னொன்னு கவனிச்சீங்களா, பேங்க்ல இருக்கிறவங்களுக்கு மாசத்துல ரெண்டாவது, நாலாவது சனி மட்டும்தான் லீவு. அவங்களுக்குன்னு கிடைக்கிற அந்த ரெண்டு சனிக்கிழமையையும் நீங்க ஈசிஆருக்கு எடுத்துட்டுப் போயிட்டா, நீச்சல் கிளாஸ் வாசல்ல உக்காந்திருக்கிறது அவங்கதானே? அந்த ரெண்டு நாளையும் அப்படியே அவங்ககிட்ட விட்டுடுங்க. காலை டிபன், கிளாஸ், துணி எல்லாம் உங்க பொறுப்பு, அவங்க தூங்கட்டும், இல்ல எங்கயாவது போகட்டும், கேள்வி கேக்காதீங்க.

நீளமான ரைடை ஒரு வாரம் விட்டு ஒரு வாரம், ஞாயித்துக்கிழமை மட்டும் வச்சுக்கோங்க, போதும். 200 பிஆர்எம்முக்கு 13 மணி 30 நிமிஷம் டைம் இருக்கு, நின்னு சாப்பிடுற நேரமெல்லாம் சேத்து மணிக்கு 15 கிலோமீட்டர் சராசரி வந்தா முடிச்சிடலாம், அதுல முதல் இடம் ரெண்டாம் இடம்னு எதுவும் கிடையாது. அதுக்குப் பயிற்சியிலயே 200 ஓட்டத் தேவையில்ல, 100, 120 ஓட்டி இறங்கின பிறகும் உடம்பு தெம்பா இருந்தா நீங்க தயார். வேளச்சேரியில இருந்து கோவளம் போய் வந்தா 65 பக்கம் வரும், மகாபலிபுரம்னா கிட்டத்தட்ட 100. நாலு மணிக்குக் கிளம்பினா ஒன்பதுக்கு வீடு, மாமியார் வீட்டுக்கு நேரத்துக்குப் போயிடலாம். மீதி ஞாயிறுல முட்டுக்காடு வரைக்கும் போய் ஏழரைக்குள்ள வந்துடுங்க. வாரத்துல ரெண்டு நாள் ஆபீசுக்கே சைக்கிள்ல போங்க, போக வர 30 கிலோமீட்டர் கிட்ட வருமே, அதையும் பயிற்சியாவே எடுத்துக்கலாம்.

திரும்புறதுக்கு ஊரைக் குறி வைக்காதீங்க, கடிகாரத்தைப் பாருங்க. 6.15 ஆச்சுன்னா எங்க இருந்தாலும் வண்டியைத் திருப்பிடணும், மகாபலிபுரம் இன்னும் 3 கிலோமீட்டர்தான்னு போர்டு இருந்தாலும் சரி. மார்கழி, தை மாசத்துல வடக்க இருந்து வாடைக்காத்து அடிக்கும், போறப்ப முதுகுல தள்ளினது திரும்பறப்ப மூஞ்சில அடிக்கும், அதனால வர்றதுக்கு அரை மணி கூடுதலா வச்சுக்கோங்க. ரெண்டு டியூப், பம்ப், பின்னாடி பளிச்சுன்னு சிவப்பு லைட், லொகேஷன் ஷேர், இதெல்லாம் இல்லாம இருட்டுல ஈசிஆர் பக்கமே போகாதீங்க, வார இறுதியில அங்க கார் பறக்குற வேகம் உங்களுக்கே தெரியும்.

ரைடு முடிஞ்சு வந்து அடிச்சுப் போட்ட மாதிரி தூங்கறதுக்குப் பாதிக் காரணம் வழியில சரியா சாப்பிடாததுதான். பசிக்கிற வரைக்கும் காத்திருக்காதீங்க, 45 நிமிஷத்துக்கு ஒரு வாழைப்பழமோ கடலை மிட்டாயோ உள்ள போகணும், தண்ணியில ஓஆர்எஸ் கலந்துக்கோங்க. முந்தின நாள் ராத்திரி 9 மணிக்குப் படுத்துடணும், ஓடிடி எல்லாம் அன்னைக்கு வேணாம். வந்ததும் 20 நிமிஷம் காலை நீட்டுங்க, அதுக்கு மேல படுக்காதீங்க, பெரியவனைக் கூட்டிட்டு மார்க்கெட்டுக்குப் போயிட்டு வாங்க.

டிசம்பர்ல ஒரு ஞாயிறு மட்டும் மாமியார்கிட்ட முன்னாடியே சொல்லிட்டு, மகாபலிபுரம் தாண்டிக் கொஞ்ச தூரம் போயிட்டு அங்கயே திரும்பி வந்து நில்லுங்க. மனைவி சம்மதிச்சா அவங்களும் பசங்களும் கார்ல வரட்டும். இட்லி சாப்பிட்டு, சின்னவனுக்கு அந்த வெண்ணெய் உருண்டைப் பாறையைக் காட்டிட்டு, முன் சக்கரத்தைக் கழட்டி சைக்கிளை டிக்கியில போட்டுக்கிட்டு எல்லாரும் ஒண்ணா வாங்க. ஆனா இதை நாளைக்கே போய் பிளான்னு அவங்ககிட்ட நீட்டாதீங்க. முதல்ல ரெண்டு சனிக்கிழமை நீச்சல் கிளாசுக்கு நீங்க போயிட்டு வாங்க.