"தவறுதலாக ரிப்போர்ட் பண்ணிட்டேன்" என்று வந்த செய்தி: ஸ்டீம் கணக்கு போனவருக்கு

வணக்கம் நண்பரே. டிஸ்கார்டு என்ற அரட்டைச் செயலியில் நண்பர் ஒருவர், கணினி விளையாட்டுகள் வாங்கும் தளமான ஸ்டீமில் உங்களைத் தவறுதலாக ரிப்போர்ட் செய்துவிட்டதாகச் சொல்லி, ஒரு 'ஸ்டீம் அட்மினிடம்' அனுப்பியிருக்கிறார். அந்த 'அட்மின்' சொன்னபடி கணக்கின் மின்னஞ்சலை மாற்றி, உள்நுழைவுப் பாதுகாப்புக்கான ஸ்டீம் கார்டு (Steam Guard) குறியீட்டையும் கொடுத்துவிட்டீர்கள். எழுதியிருப்பதைப் பார்த்தால் அச்சு அசல் பழைய வித்தைதான். ஸ்டீமை நடத்தும் வால்வ் நிறுவனத்தின் ஊழியர் யாரும் டிஸ்கார்டில் வந்து பேசமாட்டார்கள். 'தடை ஆணை' என்று அவர் காட்டிய படம் போட்டோஷாப் வேலை.

முதலில் உங்கள் பழைய மின்னஞ்சலைப் பாருங்கள், ஸ்பேம் உட்பட. முகவரி மாறியதாக ஸ்டீம் அனுப்பிய கடிதம் அங்கே இருக்கும். அப்புறம் ஸ்டீமின் உதவிப் பக்கத்தை நீங்களே தட்டச்சு செய்து திறந்து, கணக்கு திருடுபோனதாகப் புகார் கொடுங்கள். கணக்கு உங்களுடையதுதான் என்று காட்ட, விளையாட்டு வாங்கிய அட்டையின் விவரம், ரசீது, பெட்டியில் வந்த சிடி கீ (விளையாட்டைப் பதிவு செய்யும் குறியீடு) ஆகியவை கைகொடுக்கும். அதனால் பழைய ரசீதுகளைத் தேடி எடுத்து வையுங்கள். அதே கடவுச்சொல் மின்னஞ்சலுக்கும் இருந்தால், புகாருக்கு முன்பே அதை மாற்றிவிடுங்கள்.

கணக்கு திரும்பியதும் எல்லாச் சாதனங்களிலிருந்தும் வெளியேற்றுங்கள். வெப் ஏபிஐ கீ (வேறு நிரல்கள் உங்கள் கணக்கை அணுக உதவும் சாவி) ஏதாவது பதிவாகியிருந்தால் நீக்குங்கள். இதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். கிஃப்ட் கார்டும் வாங்கிக் கொடுத்திருந்தால், இந்தியாவில் இருப்பவர் என்றால் தாமதிக்காமல் சைபர் குற்ற உதவி எண் 1930க்கு அழையுங்கள்.

அந்த நண்பரைத் திட்டாதீர்கள், அவர் கணக்கும் பறிபோயிருக்கலாம். போனிலேயே கேளுங்கள். இதைப் படித்துவிட்டு "மீட்டுத் தருகிறேன், கொஞ்சம் செலவாகும்" என்று யாராவது தனிச்செய்தி அனுப்பினால், அவரும் அதே கூட்டம்தான்.