ஒல்லியான, உயரமான டயர் மாட்டினால் ஆர்.சி. பறிபோகுமா?

கேள்வி: போடிநாயக்கனூரில் இருக்கிறேன். எல்லைக்கு அந்தப் பக்கம், இடுக்கி மாவட்டத்தில் சின்ன ஏலத்தோட்டம் உண்டு. 2018 மாடல் ஃபோர் வீல் டிரைவ் பிக்கப் வைத்திருக்கிறேன், வெள்ளை போர்டு. கம்பெனி கொடுத்த டயர் 245/70 ஆர்16. மழைக்காலத்தில் தோட்டப் பாதைச் சேற்றில் வண்டி வழுக்குகிறது. அகலம் குறைந்து உயரம் கூடிய 235/85 ஆர்16 போட்டால் சேற்றை வெட்டிக்கொண்டு போகும் என்கிறார் டயர் கடைக்காரர். “வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் அகல டயருக்குத்தான் கேஸ் போடுவார்கள், தவிர மூன்று சதவீதம் வரை சட்டமே விடுகிறது” என்கிறார். ஆனால் டயர் மாற்றிய நண்பர் ஒருவருக்கு ரூ.5,000 அபராதம் வந்திருக்கிறது. ஆர்.சி. ரத்தாகுமா? விபத்து நடந்தால் இன்சூரன்ஸ் கிடைக்குமா?

பதில்: முதலில் கணக்கைப் பாருங்கள். டயர் அளவில் முதல் எண் அகலம் (மி.மீ.), அடுத்தது பக்கச்சுவரின் உயரம் (அகலத்தில் இத்தனை சதவீதம்), கடைசி எண் ரிம்மின் விட்டம் (அங்குலம்). உங்கள் பழைய டயரின் விட்டம் ஏறக்குறைய 749 மி.மீ. கடைக்காரர் சொல்வது 806 மி.மீ. அகலம் குறைவது 10 மி.மீ. மட்டும்; உயரம் கூடுவதோ 57 மி.மீ., அதாவது ஏழரை சதவீதம். நீங்கள் கேட்டது ஒல்லி டயர், அவர் விற்கப் பார்ப்பது உயர டயர். உண்மையிலேயே ஒல்லியானது வேண்டுமென்றால் 215/85 ஆர்16 போன்ற அளவைத்தான் பார்க்க வேண்டும். அதில் அகலம் 30 மி.மீ. குறையும், விட்டம் 772 மி.மீ. வரும், கூடுதல் 3 சதவீதம்.

அந்த “மூன்று சதவீதம்” டயர் தொழிலில் புழங்கும் ஒரு நடைமுறைக் கணக்கு. மோட்டார் வாகனச் சட்டத்தில் அப்படி ஒரு சலுகை எழுதப்படவில்லை. அதை நம்பி வாதாடினால் நீதிமன்றத்தில் நிற்காது. அப்படியே வைத்துக்கொண்டாலும் அவர் காட்டும் டயர் அந்த வரம்பையே தாண்டிவிட்டது.

இப்போது சட்டம். 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு, தயாரிப்பாளர் முதலில் குறிப்பிட்ட விவரங்களிலிருந்து ஆர்.சி. விவரங்கள் மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் கேரளத்திலிருந்து போன ஒரு வழக்கில் உச்ச நீதிமன்றம் இந்தப் பிரிவை இறுக்கமாகவே வாசித்தது. அதே ஆண்டு செப்டம்பர் 1 முதல் 182ஏ பிரிவும் சேர்ந்துகொண்டது. அனுமதியில்லாத மாற்றம் செய்த உரிமையாளருக்கு ஆறு மாதம் வரை சிறை, அல்லது மாற்றம் ஒன்றுக்கு ரூ.5,000 அபராதம், அல்லது இரண்டும். உங்கள் நண்பரின் ரூ.5,000 இந்தப் பிரிவில்தான் வந்திருக்க வேண்டும். இது மத்தியச் சட்டம், போடிமெட்டுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஒன்றுதான்.

டயர் மாற்றுவது 52-ஆவது பிரிவு சொல்லும் “மாற்றம்” ஆகுமா என்பதில் வாதாட இடம் இருக்கிறது. அந்தப் பிரிவின் விளக்கம், வண்டியின் கட்டமைப்பில் செய்யும் மாற்றத்தால் அதன் அடிப்படைத் தன்மையே மாறுவதைத்தான் மாற்றம் என்கிறது. தேய்ந்தால் கழற்றி மாற்றும் பொருளான டயர் கட்டமைப்பு அல்ல என்று நான் வாதாடுவேன். உங்கள் வண்டி வெள்ளை போர்டு என்பதும் உதவும். மஞ்சள் போர்டு சரக்கு வண்டியின் ஆர்.சி.யில் டயரின் எண்ணிக்கையும் அளவும் பதிவாகும், எஃப்.சி.க்கு (தகுதிச் சான்றுக்கு) போகும்போது அதையும் பார்ப்பார்கள். அந்த வண்டிக்காரர் யாராவது கேட்டால் தொடவே வேண்டாம் என்றுதான் சொல்வேன். ஆனால் வாதாட இடம் இருப்பது வேறு, ஜெயிப்பது வேறு. டயர் அளவு, பிளை ரேட்டிங் (டயரின் அடுக்கு வலிமை) பற்றி மத்திய மோட்டார் வாகன விதிகளில் 95-ஆவது விதி தனியாக இருக்கிறது. விட்டம் ஏழரை சதவீதம் கூடும்போது ஸ்பீடோமீட்டர் 80 காட்டினால் வண்டி 86-இல் ஓடும். வேகக் கேமராவில் சிக்கினால் “மீட்டர் 80 தான் காட்டியது” என்பது பதிலாகாது. பிரேக், ஏ.பி.எஸ். எல்லாம் பழைய விட்டத்துக்கு அமைத்தவை. டயர் பெரிதாக ஆக, “அடிப்படைத் தன்மை மாறவில்லை” என்ற என் வாதம் மெலிந்துகொண்டே போகும்.

அகல டயருக்கு மட்டும்தான் கேஸ் என்பதும் தவறு. மட்கார்டுக்கு வெளியே நீட்டும் டயர் தூரத்திலேயே கண்ணில் படும், அதனால் அதிகம் பிடிபடுகிறது. சோதனை செய்பவர் உண்மையில் ஒப்பிட வேண்டியது, டயரின் பக்கவாட்டில் அச்சிட்ட அளவையும் அந்த மாடலுக்குத் தயாரிப்பாளர் ஏற்ற அளவையும்.

ஆர்.சி. உடனே ரத்தாகாது, அந்தப் பயம் வேண்டாம். 53-ஆவது பிரிவில் முதலில் நோட்டீஸ் தந்து, உங்கள் விளக்கத்தைக் கேட்ட பிறகே பதிவை நிறுத்தி வைக்க முடியும். நிறுத்திவைப்பு இடைவிடாமல் ஆறு மாதம் நீடித்தால்தான் 54-ஆவது பிரிவில் ரத்து. அதற்குள் பழைய டயரை மாட்டி வண்டியைக் காட்டிவிட்டால் விஷயம் பெரும்பாலும் அத்தோடு முடியும். அதனால் கம்பெனி டயரையும் ரிம்மையும் தயவுசெய்து கடைக்காரரிடம் எக்ஸ்சேஞ்சில் விட்டுவிடாதீர்கள்.

எனக்கு அபராதத்தைவிட இன்சூரன்ஸ்தான் கவலை. அடுத்தவருக்கு அடிபட்டால், அந்த இழப்பீட்டை மறுக்க 150-ஆவது பிரிவு காப்பீட்டு நிறுவனத்துக்குத் தரும் காரணங்கள் சிலதான். டயர் அளவு அதில் இல்லை. அடிபட்டவர் வெறுங்கையோடு போக மாட்டார். உங்கள் சொந்த வண்டிச் சேதம் அப்படியல்ல, அது பாலிசி நிபந்தனைகளுக்குக் கட்டுப்பட்டது. வண்டியில் செய்த மாற்றத்தைச் சொல்லவில்லை என்பது சர்வேயர் (சேதத்தை மதிப்பிட வரும் காப்பீட்டு ஆய்வாளர்) எடுத்தவுடன் எழுதும் குறிப்பு. மலைவளைவில் வண்டி கவிழ்ந்தால், உயரம் கூடிய டயர்தான் காரணம் என்று எழுதுவது அவருக்கு இன்னும் சுலபம். நிறுத்தியிருந்த வண்டியில் பின்னாலிருந்து இடித்தால், டயருக்கும் சேதத்துக்கும் தொடர்பில்லை என்று தாராளமாகச் சண்டை போடலாம். பாலிசி நிபந்தனை மீறல் இருந்தாலும் முழுதாக மறுக்காமல் 75 சதவீதம் வரை தரலாம் என்று 2010-இல் அமலேந்து சாகு வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. அது தனியார் காரை வாடகைக்கு ஓட்டிய வழக்கு. டயர் வழக்கில் அப்படியே பொருந்தும் என்று உறுதி தர மாட்டேன், எடுத்துக்காட்டலாம். மறுப்புக் கடிதம் வந்தால் நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். இல்லையென்றால் ஓராண்டுக்குள் காப்பீட்டு ஆம்பட்ஸ்மேனிடம் (குறைதீர்ப்பாளரிடம்) போகலாம், அங்கே கட்டணம் இல்லை.

சரி, சேற்றுக்கு என்ன வழி? ஒல்லி டயர் மீது உங்களுக்கிருக்கும் நம்பிக்கை நியாயமானது. மேலே குழைந்து அடியில் கெட்டியாக இருக்கும் மலைப்பாதையில் அது சேற்றை ஒதுக்கித் தரையைப் பிடிக்கும். அந்தக் கால வில்லிஸ் ஜீப் 6.00-16 டயரில்தான் ஓடியது. ஆனால் சேற்றில் பாதி வேலையை டயரின் பட்டன்தான் (தரையைப் பிடிக்கும் ரப்பர் கட்டைகள்) செய்கிறது. அதே 245/70 அளவில் மட் டெரெய்ன் (சேற்றுப் பாதைக்கான) பட்டன் டயர் வாங்கினால் சட்டச் சிக்கல் எதுவும் இல்லை. என் முதல் ஆலோசனை அதுதான்.

அது போதாது என்றால், கதவுத் தூணில் ஒட்டிய அட்டையிலும் கையேட்டிலும் உங்கள் மாடலுக்கு வேறு எந்த அளவுகள் இருக்கின்றன என்று பாருங்கள். பிறகு தயாரிப்பாளருக்கு மின்னஞ்சல் எழுதி, “215/85 ஆர்16 இந்த வண்டிக்கு, இந்த ரிம்முக்கு ஏற்றதா” என்று கேளுங்கள். ஏற்றது என்று எழுத்தில் வந்தால் அந்தக் கடிதத்தோடு ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் மனு கொடுத்துவிட்டு மாட்டுங்கள், காப்பீட்டு நிறுவனத்துக்கும் எழுதி, கடிதம் பெற்றதற்கு அத்தாட்சி வாங்குங்கள். டயரில் ஐ.எஸ்.ஐ. முத்திரை இருக்கிறதா, லோடு இண்டெக்ஸ் (டயர் தாங்கும் எடையைக் குறிக்கும் எண்) பழைய டயருக்குக் குறையாமல் இருக்கிறதா என்று பாருங்கள். பழையதில் 111 என்றிருந்தால் ஒரு டயர் 1,090 கிலோ தாங்கும் என்று பொருள். ஏலக்காய் மூட்டையோடு இறங்கும்போது அதற்குக் கீழே போகவே கூடாது.

ஏற்காது என்று பதில் வந்தால், அல்லது பதிலே வராவிட்டால், 235/85-ஐ ரோட்டில் ஓட்டாதீர்கள். தோட்ட ஷெட்டில் தனி ரிம்மோடு வைத்து, உள்ளே மட்டும் மாட்டி ஓட்டுபவர்கள் உண்டு. பொது இடத்தில் வரும் வழக்குகளிலிருந்து அது பெரும்பாலும் காக்கும். ஆனால் பொதுமக்களுக்கு வழியுரிமை இருக்கும் பாதை, தோட்டத்துக்குள் போனாலும் சட்டத்தின் கண்ணில் பொது இடம்தான். உள்ளே வண்டி கவிழ்ந்தாலும் சர்வேயர் அந்த டயரைத்தான் பார்ப்பார்.

கடைக்காரர் இன்னமும் “ஒன்றும் ஆகாது” என்று சொன்னால், டயர் அளவையும் உங்கள் வண்டி எண்ணையும் குறிப்பிட்டு, இந்த வண்டிக்கு ஏற்றது என்று பில்லிலேயே எழுதித் தரச் சொல்லுங்கள்.