சீன உள்ளாடைகளும் மாறிவரும் பெண்களின் தேர்வும்: கேள்வி பதில்

கேள்வி: பிற நாட்டு நிறுவனங்களுக்குத் தைத்துக் கொடுப்பதைத் தவிர, சீனாவுக்கென்று சொந்த உள்ளாடை வடிவமைப்பு உண்டா?

பதில்: உண்டு. பெய்ஜிங்கின் ஐமர் 1993 முதல் சொந்தப் பெயரில் விற்றுவருகிறது. ஆனால் அந்தத் தலைமுறை நிறுவனங்கள் கம்பி, தடித்த பஞ்சு, லேஸ் என்று பெரும்பாலும் மேலைநாட்டுப் பாணியையே பின்பற்றின. 2012இல் ஷாங்காயில் தொடங்கிய நெய்வாய், 2016இல் வந்த உப்ராஸ் போன்றவைதான் வேறு வழியில் நடந்தன.

கேள்வி: மார்பை உயர்த்திக் காட்டும் பிராவிலிருந்து பெண்கள் ஏன் விலகினார்கள்?

பதில்: அமெரிக்க உள்ளாடை நிறுவனமான விக்டோரியாஸ் சீக்ரெட் 2017இல் ஷாங்காயில் பெரும் ஆடை அணிவகுப்பை நடத்தியபோது, அந்தக் கவர்ச்சிப் பாணிக்குச் சீனாவில் நல்ல எதிர்காலம் இருப்பதாகவே தோன்றியது. ஆனால் தம் சம்பளத்தில் தமக்காக வாங்கும் நகரத்துப் பெண்கள், நாள் முழுதும் அலுவலகத்தில் அமர்ந்திருக்கையில் கம்பி குத்தாத, தோளில் பட்டை பதியாத பிராவைத் தேடத் தொடங்கியிருந்தார்கள். பார்ப்பவர் கண்ணுக்கு எப்படித் தோன்றும் என்பதைவிட, அணிந்தவர் உடம்புக்கு எப்படி இருக்கிறது என்பதே முதல் கேள்வியாயிற்று. இதை நெய்வாய் நன்கு புரிந்துகொண்டது. அதன் 2020ஆம் ஆண்டு விளம்பரத்தில் வயிற்று மடிப்பும் தழும்பும் மறைக்கப்படாமல், வெவ்வேறு வயதும் உடல்வாகும் கொண்ட பெண்கள் தோன்றினார்கள். அதுவும் விற்பனை உத்திதான் என்பதை மறுக்கவில்லை. ஆயினும் மெலிந்த மாடல்களை மட்டுமே காட்டிவந்த தொழிலில் அது துணிச்சலான செயல் என்றே கருதுகிறேன்.

கேள்வி: ஒரே அளவு எல்லோருக்கும் பொருந்தும் என்று விற்கிறார்களே, அது எப்படி?

பதில்: நன்றாக இழுபடும் துணியை வெட்டி, ஓரங்களை மடித்துத் தைக்காமல் பசையால் ஒட்டுகிறார்கள். ஆகவே தையல் உறுத்தாது; சட்டைக்கு மேல் கோடும் தெரியாது. இணையத்தில் வாங்குபவர் அளவெடுக்கவோ போட்டுப் பார்க்கவோ வேண்டாம் என்பதுதான் உப்ராஸை வேகமாக வளர்த்தது. ஆனால் 'எல்லோருக்கும்' என்பது வியாபாரப் பேச்சு. பிராவில் மார்பின் எடையைப் பெரிதும் தாங்குவது தோளில் மாட்டும் பட்டை அன்று, மார்புக்குக் கீழே சுற்றிவரும் பட்டைதான். மென்மையான மீள்துணிப் பட்டை சிறிய, நடுத்தர மார்புக்குப் போதும். கனத்த மார்புடையவர்கள் அளவு பார்த்து, அகலமான பட்டையும் கொக்கிகளும் உள்ளதையே வாங்க வேண்டும்.

கேள்வி: சீன அளவில் 75பி என்பது நம் அளவில் எது?

பதில்: 34பி. 75 என்பது மார்புக்குக் கீழ்ச் சுற்றளவு, சென்டிமீட்டரில்.

கேள்வி: மார்பை இறுகக் கட்டும் வழக்கம் சீனாவில் இருந்ததாமே?

பதில்: இருந்தது. பழைய காலத்தில் கழுத்திலும் முதுகிலும் நாடாவால் முடியும் தளர்வான தூடோ என்ற உள்ளாடையும் இருந்தது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலோ, மார்பைத் தட்டையாக்கும் இறுக்கமான உள்சட்டை நகரப் பெண்களிடையே பரவியது. 1927இல் குவாங்டோங் மாகாண அரசு மார்பு கட்டுவதைத் தடை செய்தது. இன்றைய சீன வடிவமைப்பாளர்கள் சிலர் தூடோவின் வெட்டை மீண்டும் கையாள்கிறார்கள்.

கேள்வி: பெண்களின் உள்ளாடைக்கு ஆண் ஒருவர் விளம்பரம் செய்து சர்ச்சையானது எது?

பதில்: அது உப்ராஸின் விளம்பரம். 2021 பிப்ரவரியில் நகைச்சுவையாளர் லி டான், இந்த உள்ளாடை இருந்தால் பெண்கள் படுத்துக்கொண்டே வேலையிடத்தில் வெல்லலாம் என்ற பொருளில் சீனச் சமூக ஊடகமான வெய்போவில் எழுதினார். உழைத்து முன்னேறிய பெண்களை இழிவுபடுத்துகிறது என்று வாங்குபவர்களே கொதித்தெழுந்தார்கள். நிறுவனம் மன்னிப்புக் கேட்டது. லி டானும் கேட்டார்.