லினக்ஸில் கிரெடிட் கூடுதலாக வருகிறது, விண்டோஸை எடுத்துவிடலாமா?

கேள்வி: பாலக்கோட்டில் ஜெராக்ஸ், டிடிபி கடை வைத்திருக்கிறேன். ஐ5-4590, 8 ஜிபி ராம் உள்ள ஒரே மாதிரியான இரண்டு பழைய கம்ப்யூட்டர்கள் இருக்கின்றன. ஒன்றில் விண்டோஸ் 10, இன்னொன்றில் லினக்ஸ் மின்ட். இரண்டிலும் பாய்ங்க் (BOINC, நம் கம்ப்யூட்டரை ஆய்வுத் திட்டங்களுக்குக் கணக்குப் போட்டுத்தர விடும் மென்பொருள்) போட்டு ஆராய்ச்சிக் கணக்குகளை ஓடவிடுகிறேன். மின்ட் கம்ப்யூட்டர்தான் எப்போதும் கிரெடிட்டில், அதாவது செய்த வேலைக்குத் தரும் புள்ளிகளில், முந்துகிறது. லினக்ஸ் நிஜமாகவே வேகமானதா? இரண்டையும் மாற்றிவிடலாமா? எங்கள் பக்கம் கரண்ட் அடிக்கடி போகும், அதற்கும் வழி சொல்லுங்கள்.

பதில்: முதலில் கிரெடிட்டை ஒதுக்கி வையுங்கள். கிரெடிட் கொடுக்கும் முறை ஒவ்வொரு ஆய்வுத் திட்டத்திலும் வேறு. சில திட்டங்கள் ஒரு கணக்குக்கு இத்தனை என்று நிலையாகக் கொடுக்கும். வேறு சில, அந்த நேரத்தில் மற்றவர்கள் கம்ப்யூட்டரில் அதே வேலை எப்படி ஓடியது என்பதைப் பார்த்து ஏற்றி இறக்கும். பாய்ங்க் தானாக எடுக்கும் வெட்ஸ்டோன், டிரைஸ்டோன் என்ற வேக அளவுகளையும் நம்பவேண்டாம். பாய்ங்க் மென்பொருளே விண்டோஸுக்கு ஒரு கம்பைலரிலும் (எழுதிய நிரலைக் கம்ப்யூட்டரில் ஓடும் வடிவத்துக்கு மாற்றும் மென்பொருள்) லினக்ஸுக்கு வேறொரு கம்பைலரிலும் உருவாகிறது. அதனால் ஒரே பெட்டியில் இரண்டையும் மாற்றி மாற்றிப் போட்டாலும் அந்த எண்கள் வேறு வேறாகத்தான் வரும்.

பார்க்கவேண்டியது கணக்கு முடிய ஆன நேரம். திட்டத்தின் இணையதளத்தில் லாகின் செய்து ஒவ்வொரு கம்ப்யூட்டரின் டாஸ்க் பட்டியலையும் திறங்கள்; டாஸ்க் என்பது திட்டம் அனுப்பும் ஒரு கணக்கு. அதில் ரன் டைம் (கணக்கு ஓடிய மொத்த நேரம்), சிபியு டைம் (அதில் சிப்பின் கோர், அதாவது கணக்குப் போடும் பிரிவு, உழைத்த நேரம்) என்று இரண்டு பத்திகள், வினாடிக் கணக்கில் இருக்கும். ஒரே திட்டம், அதில் ஒரே வகை வேலை, சரிபார்க்கப்பட்டு 'வேலிட்' ஆனவை மட்டும் என்று கம்ப்யூட்டருக்கு 20 டாஸ்க் எடுங்கள். நேரங்களை ஏறுவரிசையில் எழுதி நடுவில் வருவதை ஒப்பிடுங்கள். சராசரி எடுத்தால் ஏதோ ஒரு டாஸ்க் கோளாறாக ஓடினாலும் ஒப்பீடு கெட்டுவிடும்.

இந்த இரண்டு எண்களும் நிறைய சொல்லும். எடுத்துக்காட்டாக, ரன் டைம் 12,000 வினாடி, சிபியு டைம் 11,700 வினாடி என்றால் கோர் ஏறக்குறைய முழு நேரமும் கணக்குக்கே உழைத்திருக்கிறது. ரன் டைம் 12,000 ஆக இருந்து சிபியு டைம் 8,400 மட்டும் என்றால், 30 சதவீத நேரத்தை வேறு ஏதோ தின்றிருக்கிறது. இரண்டும் நெருக்கமாக இருந்தும் ஒரு கம்ப்யூட்டரில் மட்டும் இரண்டுமே நீண்டால், காரணம் கம்ப்யூட்டரின் சூடு, ராம், அல்லது அந்தத் திட்டம் அனுப்பிய கணக்கு நிரல். நேரங்கள் இரண்டிலும் ஒன்றாகவே இருந்து, ஒரு நாளில் முடியும் டாஸ்க் எண்ணிக்கை மட்டும் குறைந்தால், பாய்ங்க் அடிக்கடி நிறுத்திவைக்கப்படுகிறது என்று அர்த்தம். உங்கள் கடையில் இந்தக் கடைசிக் காரணம்தான் இருக்கும் என்று எனக்கு வலுவான சந்தேகம். அதைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

வெறும் கணக்குப் போடும் வேலையில் ஓஎஸ்ஸுக்கு (விண்டோஸ், லினக்ஸ் போன்ற இயங்குதளத்துக்கு) பெரிய பங்கு இல்லை. நிரலை ஒரு கோரில் ஏற்றிவிட்டு அது விலகிக்கொள்கிறது. வேகம் மாறுவது பெரும்பாலும் நிரல் எப்படி உருவானது என்பதால். பிரைம்கிரிட், கிம்ப்ஸ் போன்ற பகா எண் தேடல்களை எடுத்துக்கொள்ளுங்கள். அவற்றின் உள்கணக்கு ஜார்ஜ் வோல்ட்மன் அசெம்பிளி மொழியில் கையாலேயே செதுக்கிய நிரல்தொகுப்பில் ஓடுகிறது. அது விண்டோஸிலும் லினக்ஸிலும் ஒன்றே, அதனால் ஓஎஸ் மாற்றினால் அங்கே சொல்லும்படியான லாபம் வராது. சி++, ஃபோர்ட்ரான் மொழிகளில் எழுதி, விண்டோஸுக்கு ஒரு கம்பைலர், லினக்ஸுக்கு ஒரு கம்பைலர் என்று உருவாக்கும் திட்டங்களில்தான் வித்தியாசம் தெரியும். சில நேரம் லினக்ஸ் பதிப்பில் ஏவிஎக்ஸ் கட்டளைகள் (பல எண்களை ஒரே நேரத்தில் கணக்கிட வைப்பவை) சேர்ந்திருக்கும், விண்டோஸ் பதிப்பில் இருக்காது. எதிர்மாறாகவும் நடக்கும். டாஸ்கின் ப்ராப்பர்டீஸில் அப்ளிகேஷன் பெயருக்குப் பின்னால் அடைப்புக்குறிக்குள் எஸ்எஸ்இ2, ஏவிஎக்ஸ் என்று இருக்கிறதா பாருங்கள். உங்கள் ஐ5-4590 ஏவிஎக்ஸ்2 வரை தாங்கும். அதே தலைமுறை பென்டியம், செலரான் சிப்புகளுக்கு ஏவிஎக்ஸே கிடையாது. மலிவாகக் கிடைக்கிறதே என்று அந்தச் சிப் உள்ள பெட்டியை மூன்றாவதாக வாங்கிவிடாதீர்கள்.

'ஒரே மாதிரி' என்கிறீர்கள். பழைய சந்தையில் வாங்கிய பெட்டிகள் உள்ளே ஒரே மாதிரி இருப்பது அபூர்வம், திறந்து பார்த்துவிடுங்கள். 8 ஜிபி ராம் ஒரே குச்சியாக இருக்கிறதா, 4 ஜிபி குச்சி இரண்டா? டிடிஆர்3-1600 ராமில் ஒரு சேனல் வினாடிக்கு 12.8 ஜிபி கொடுக்கும். இரண்டு ஸ்லாட்டிலும் குச்சி இருந்தால் 25.6 ஜிபி. உங்கள் சிப்பின் கேஷ், அதாவது சிப்புக்குள்ளேயே இருக்கும் வேகமான சிறு நினைவகம், 6 எம்பி. பிரைம்கிரிட்டில் 1024கே அளவு உருமாற்றம் (பெரிய எண்களைப் பெருக்க உதவும் எஃப்எஃப்டி) கேட்கும் ஒரு கணக்குக்கு மட்டுமே 8 எம்பி வேண்டும். நான்கு கோரில் நான்கு கணக்கு ஓடினால் 32 எம்பி. கேஷில் அடங்காமல் எல்லாம் ராமுக்கு ஓடும், ஒற்றைக் குச்சி பெட்டி மூச்சு வாங்கும். இதை லினக்ஸ், விண்டோஸ் எதுவும் சரிசெய்யாது. ஒற்றைக் குச்சி என்றால் அதே அளவு, அதே வேகத்தில் இன்னொன்று போடுங்கள். பிரைம்கிரிட் தளத்தின் விருப்ப அமைப்பில் ஒரு டாஸ்குக்கு 4 திரெட் என்று மாற்றினால், நான்கு கோரும் சேர்ந்து ஒரே கணக்கைச் செய்யும், ராம் மீதான அழுத்தம் நன்றாகக் குறையும். விண்டோஸில் குச்சி எத்தனை என்று பார்க்கப் பெட்டியைத் திறக்கவே வேண்டாம்: டாஸ்க் மேனேஜர், பெர்ஃபார்மன்ஸ், மெமரி, அதில் ஸ்லாட்ஸ் யூஸ்டு.

சூட்டையும் ஒப்பிடுங்கள். நான்கு கோரும் அரை மணி நேரம் ஓடிய பிறகு, விண்டோஸில் கோர் டெம்ப், மின்ட்டில் சென்சார்ஸ் காட்டும் அளவு 80 டிகிரிக்குள் நிற்கவேண்டும். 100-ஐத் தொட்டால் சிப் தானாக வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். ஜெராக்ஸ் மெஷின் பக்கத்திலேயே இருக்கும் பெட்டியில் பேப்பர்த் தூளும் டோனர்த் தூளும் ஹீட்சிங்க் இடுக்கில் பஞ்சு மாதிரி அடைத்திருக்கும். பிளோயரால் ஊதும்போது ஃபேன் இறக்கையை விரலால் பிடித்துக்கொள்ளுங்கள். சுழலவிட்டு ஊதினால் பேரிங் போய்விடும். தெர்மல் பேஸ்ட் காய்ந்திருந்தால் துடைத்துவிட்டு, பட்டாணி அளவு புதிதாக வையுங்கள்.

இப்போது விண்டோஸ் பெட்டி. பாய்ங்க் மேனேஜரில் ஆப்ஷன்ஸ், கம்ப்யூட்டிங் பிரிஃபரன்ஸஸ் திறங்கள். 'நான்-பாய்ங்க் சிபியு யூசேஜ்' ஒரு குறிப்பிட்ட சதவீதத்தைத் தாண்டினால் நிறுத்து என்று ஒரு வரி இருக்கும். வழக்கமாக அங்கே 25 என்று இருக்கும். நான்கு கோர் கம்ப்யூட்டரில் 25 சதவீதம் என்பது ஒரே ஒரு கோர். டிஃபெண்டர் ஸ்கேன் ஓடினாலோ, அப்டேட் இறங்கினாலோ, பெரிய பிடிஎஃப் ஒன்று பிரிண்டுக்குப் போனாலோ அந்த அளவு தாண்டிவிடும், நான்கு கணக்கும் மொத்தமாக நின்றுவிடும். ஈவென்ட் லாகைப் பாருங்கள். 'சஸ்பெண்டிங் கம்ப்யூட்டேஷன் - சிபியு ஈஸ் பிஸி' என்ற வரி ஒரு நாளில் பத்து இருபது முறை வந்திருந்தால் உங்கள் வித்தியாசத்துக்குக் காரணம் அதுதான். டிக்கை எடுத்துவிடுங்கள். விண்டோஸில் பாய்ங்க் வேலைகள் எல்லாவற்றிலும் கீழான முன்னுரிமையில்தான் ஓடுகின்றன. உங்கள் போட்டோஷாப் கேட்ட உடனே கோரை விட்டுக்கொடுக்கும்.

அதே இடத்தில் இரண்டு, ஆன்டிவைரஸில் ஒன்று என்று இன்னும் மூன்று அமைப்புகள். சிபியு டைம் வரம்பு 100 சதவீதம் என்றே இருக்கட்டும். சூட்டுக்குப் பயந்து அதை 60 என்று குறைத்தால், பாய்ங்க் வினாடிக் கணக்கில் ஓடி நின்று ஓடி நிற்கும், சிப்பின் சூடும் ஏறி இறங்கிக்கொண்டே இருக்கும். குறைக்கவேண்டுமானால் சிபியு எண்ணிக்கையை 75 சதவீதம், அதாவது 3 கோர் என்று குறையுங்கள். அடுத்து, டிஸ்க் அண்ட் மெமரி பக்கத்தில், நிறுத்திவைத்த வேலையை மெமரியிலேயே விடு என்பதற்கு டிக் போடுங்கள். இல்லாவிட்டால், ஆள் உட்கார்ந்து கீபோர்டைத் தொட்டால் நிறுத்து என்று நீங்கள் வைத்திருக்கும் பட்சத்தில், ஒவ்வொரு வாடிக்கையாளர் வந்துபோகும்போதும் கணக்கு கடைசி செக்பாயிண்டுக்கு, அதாவது கடைசியாகச் சேமித்த இடத்துக்கு, திரும்பி, செய்ததையே மறுபடி செய்யும். மூன்றாவது, சி டிரைவில் புரோகிராம்டேட்டா என்ற மறைந்த ஃபோல்டருக்குள் இருக்கும் பாய்ங்க் ஃபோல்டரை ஆன்டிவைரஸ் ஸ்கேனிலிருந்து விலக்குங்கள். இவ்வளவும் செய்து ஒரு வாரம் ஓடவிட்டுப் பிறகு மின்ட்டோடு ஒப்பிடுங்கள். அதற்கு முன் ஓஎஸ்ஸைக் குறை சொல்வது நியாயமில்லை.

மின்ட்டிலும் குறைகள் உண்டு. அங்கே பாய்ங்க் பின்னணி சர்வீஸாக, தனக்கென ஒரு பயனர் பெயரில் ஓடுகிறது. அதனால் ஆள் கீபோர்டைத் தொடுவதை அது பல நேரம் உணர்வதே இல்லை. சிபியு வேலைக்கு இது பிரச்சினை இல்லை, முன்னுரிமை குறைவாக இருப்பதால் உங்கள் வேலையைத் தடுக்காது. கிராஃபிக்ஸ் கார்டில் கணக்கு ஓடினால் மட்டும் திரை திக்கித் திக்கி நகரும். கார்டு போடும் எண்ணம் இருந்தால் விண்டோஸில் டிரைவர் போடுவது சுலபம். மின்ட்டில் தானாக வரும் நூவோ டிரைவரில் குடா (என்விடியா கார்டில் கணக்கு ஓட்டும் முறை) ஓடாது, டிரைவர் மேனேஜர் வழியாக என்விடியாவின் சொந்த டிரைவரைப் போடவேண்டும். அதன் பிறகும் கார்டு தெரியவில்லை என்றால் பாய்ங்க் பயனரை வீடியோ, ரெண்டர் என்ற இரு குழுக்களிலும் சேர்த்து ரீஸ்டார்ட் செய்யுங்கள். ஜிடி 710 மாதிரி கெப்லர் என்ற பழைய தலைமுறை என்விடியா கார்டுகளுக்கு டிரைவர் 470 வரிசையோடு நின்றுவிட்டது, அதற்குப் பணம் போடவேண்டாம். விண்டோஸில் பாய்ங்க் நிறுவும்போது சர்வீஸாக நிறுவும் தேர்வை டிக் செய்தாலும் கார்டு வேலை செய்யாது, பலரும் இங்கேதான் மாட்டுகிறார்கள்.

 

கரண்ட் விஷயத்துக்கு வருவோம். பாய்ங்க் சாதாரணமாக 60 வினாடிக்கு ஒருமுறை செக்பாயிண்ட் கேட்கும், ஆனால் எப்போது எழுதுவது என்பது கணக்கு நிரலின் கையில். டாஸ்கின் ப்ராப்பர்டீஸில் கடைசி செக்பாயிண்டுக்குப் பிறகு ஓடிய சிபியு டைம் என்று ஒரு வரி இருக்கும். அது அரை மணி நேரத்தைத் தாண்டும் திட்டத்தை, அடிக்கடி கரண்ட் போகும் இடத்தில் எடுக்கவேண்டாம். செர்ன் ஆய்வகத்தின் எல்ஹெச்சி அட் ஹோம் திட்டத்தின் பல வேலைகள் விர்ச்சுவல்பாக்ஸுக்குள் (கம்ப்யூட்டருக்குள் இன்னொரு கம்ப்யூட்டர் மாதிரி இயங்கும் மென்பொருள்) ஓடுபவை, திடீரென்று கரண்ட் போனால் கெட்டுப்போகும் வாய்ப்பு அதிகம். அவற்றில் ராம் அதிகம் கேட்பவை 8 ஜிபி பெட்டிக்கும் பொருந்தாது. யூஎஸ்பி கேபிள் இல்லாத சாதாரண 600 விஏ யூபிஎஸ், கரண்ட் போனதை எந்த ஓஎஸ்ஸுக்கும் சொல்லாது. அதனால் அந்தச் சில நிமிடத்தில் பாய்ங்க்கை நிறுத்தி ஷட்டவுன் செய்வது உங்கள் கையில்தான் இருக்கிறது. வேலை இருப்பை 0.5 நாளுக்கு மேல் வைக்காதீர்கள். அதிகமாக வாங்கி வைத்து இரண்டு நாள் கடை மூடியிருந்தால் கெடு தவறும், வேறு யாரோ அதே கணக்கை மறுபடி செய்யவேண்டிவரும்.

கரண்ட் பில்லையும் எழுதிப் பார்த்துவிடுங்கள். ஒரு பெட்டி 90 வாட் இழுக்கிறது என்று வைத்தால் நாளுக்கு 2.16 யூனிட், 60 நாளில் ஏறக்குறைய 130 யூனிட். கடை இணைப்பு வணிகக் கட்டணத்தில் வரும், வீட்டுக்குக் கிடைக்கும் இலவச யூனிட் அங்கே கிடையாது. டெய்லி ஷெட்யூல்ஸில் இரவு 8 முதல் காலை 8 வரை என்று வைத்தால் யூனிட் பாதியாகும். சித்திரை, வைகாசி வெயிலில் ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட கடையில் பகலில் ஓட்டுவதைவிட அது பெட்டிக்கும் நல்லது.

ஆகவே இரண்டையும் மாற்றவேண்டாம். கவுன்ட்டரில் உள்ள பெட்டி விண்டோஸிலேயே இருக்கட்டும். உங்கள் டிடிபி மென்பொருள்களும் பழைய தமிழ் எழுத்துருக் கீபோர்டுகளும் அதில்தான் ஒழுங்காக ஓடும். ஜெராக்ஸ் கடைகளில் பரவலாக உள்ள கேனான் எல்பிபி2900 பிரிண்டரை லினக்ஸில் ஓடவைப்பதும் லேசான காரியம் இல்லை. ஆனால் விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ல் முடிந்தது. உங்கள் நான்காம் தலைமுறை சிப் விண்டோஸ் 11-க்கான தகுதிப் பட்டியலில் இல்லை. அதனால் ஆதார் நகல், பேங்க் வேலை எல்லாம் நடக்கும் அந்தப் பெட்டியை விண்டோஸ் 11 ஏற்கும் எட்டாம் தலைமுறைக்கு மாற்றத் திட்டமிடுங்கள், இப்போதையது அதன் பிறகு மின்ட்டுக்குப் போகலாம்.

மாற்றும் நாளுக்கு முன், பாய்ங்க்கின் ப்ராஜெக்ட்ஸ் பக்கத்தில் 'நோ நியூ டாஸ்க்ஸ்' அழுத்துங்கள். கையில் உள்ள கணக்குகள் முடிந்து அப்லோடாகி, ரிப்போர்ட்டும் ஆகி, டாஸ்க் பட்டியல் காலியான பிறகே டிஸ்கை ஃபார்மேட் செய்யுங்கள். விண்டோஸில் பாதி ஓடிய கணக்கை லினக்ஸில் தொடரமுடியாது. புதிதாக நிறுவியதும் அதே இமெயில், அதே பாஸ்வேர்டு கொடுத்துத் திட்டத்தில் சேர்ந்தால் பழைய கிரெடிட் முழுதும் அப்படியே இருக்கும்.