‘நைட் சஃபாரி’யோடு சேர்த்து விற்கும் முதுமலைப் பேக்கேஜை நம்பலாமா?

மதுரை வாசகி ஒருவரின் கேள்வி: காலாண்டு விடுமுறையில் கணவர், மாமியார், 10 வயது மகள், 5 வயது மகனோடு சொந்தக் காரில் 3 இரவு நீலகிரி போகிறோம். பிள்ளைகளுக்குக் காட்டு விலங்குகளையும் மலைவாழ் மக்களின் வாழ்க்கையையும் காட்ட ஆசை. மசினகுடியில் 2 இரவு, ‘நைட் சஃபாரி’, கேம்ப் ஃபயர், ‘ட்ரைபல் டான்ஸ்’ எல்லாம் சேர்த்து 26,000 ரூபாய் என்கிறார் ஒரு ஏஜென்ட். முழுப் பணத்தையும் இப்போதே ஜிபேயில் கேட்கிறார். நம்பலாமா? ஊட்டியிலிருந்து கல்லட்டி வழியாகப் போனால் சீக்கிரம் போய்விடலாம் என்கிறாரே, சரியா?

பதில்: பணத்தைக் கட்டாதீர்கள். அவர் சொன்னதில் ‘நைட் சஃபாரி’ சட்டவிரோதம், கல்லட்டி இறக்கம் ஆபத்து, ‘ட்ரைபல் டான்ஸ்’ அந்த மக்களுக்கே அவமரியாதை.

முதுமலையில் இரவு சஃபாரி என்ற ஒன்றே கிடையாது. தெப்பக்காடு வரவேற்பு மையத்தில் டிக்கெட் வாங்கி, வனத்துறை ஏற்பாடு செய்யும் வண்டியில், காலையிலோ மாலையிலோ போவதுதான் சஃபாரி. முன்பதிவை முதுமலை புலிகள் காப்பகத்தின் அதிகாரபூர்வ இணையதளத்தில் நீங்களே செய்யலாம். காப்பகத்தின் ஊடாகப் போகும் சாலையிலேயே இரவு 9 மணி முதல் காலை 6 மணி வரை வாகனப் போக்குவரத்துக்குத் தடை இருக்கிறது. அப்படியிருக்க ‘நைட் சஃபாரி’ என்று எதை விற்கிறார்கள்? உங்களை ஜீப்பில் ஏற்றி, மாயார், சிங்காரா, பொக்காபுரம் பக்கத்து ஊர்ச் சாலைகளில் ஸ்பாட் லைட் அடித்துக்கொண்டு சுற்றுவார்கள். அந்தச் சாலைகள் குறுகல். இருபுறமும் உண்ணிச்செடிப் புதர். குட்டியோடு வரும் யானைக் கூட்டத்தின் கண்ணில் வெளிச்சம் பட்டால் அது மிரளும். உங்கள் ஜீப்பைத் திருப்ப இடம் இருக்காது. ஐந்து வயதுப் பையனை மடியில் வைத்துக்கொண்டு அந்த இடத்தில் நிற்க வேண்டுமா? 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி இது குற்றம். பிடிபட்டால் டிரைவரோடு போகாது, வண்டியில் இருப்பவர்களும் பதில் சொல்ல வேண்டிவரும்.

தங்குமிடம் இதைவிடப் பெரிய பொறி. மசினகுடியைச் சுற்றியுள்ள சீகூர் பீடபூமி, மேற்குத் தொடர்ச்சி மலைக்கும் கிழக்குத் தொடர்ச்சி மலைக்கும் இடையே யானைகள் போய்வரும் வழி. அதில் கட்டிய ரிசார்ட்டுகள் பலவற்றுக்கு 2018இல் உச்ச நீதிமன்ற உத்தரவின்பேரில் சீல் வைத்தார்கள். 2020 அக்டோபரில் அந்த வழித்தடத்தை நீதிமன்றம் உறுதிசெய்தது. 2021 ஜனவரியில் இதே மசினகுடியில், தங்கும் விடுதியொன்றின் பக்கம் வந்த யானைமீது எரியும் பொருளை வீசியதில் அது காயம்பட்டுச் செத்தது. இவ்வளவுக்குப் பிறகும் எந்த இடத்துக்கு அனுமதி உண்டு, எதற்கு இல்லை என்று ஒரு சாதாரண குடும்பம் ஒரே பார்வையில் தெரிந்துகொள்ள வழி செய்யவில்லை. சீல் வைக்கத் தெரிந்த நிர்வாகத்துக்கு, அனுமதி பெற்ற விடுதிகளின் பட்டியலை ஒவ்வொரு சோதனைச்சாவடியிலும் ஒட்டிவைக்க என்ன தடை? அந்த இருட்டில்தான் ஏஜென்ட்டுகள் பிழைக்கிறார்கள்.

ஆகவே விடுதியிடம் நேராகப் பேசுங்கள். மூன்றைக் கேளுங்கள்: விடுதியின் பெயரில் உரிமம் அல்லது சுற்றுலாத் துறைப் பதிவின் படம், கூகுள் மேப்பில் சரியான இடம், விடுதியின் பெயரில் உள்ள வங்கிக் கணக்கு. ‘இடத்தை வந்தபின் சொல்கிறோம்’ என்றாலோ, தனிநபர் எண்ணுக்குப் பணம் போடச் சொன்னாலோ போனை வைத்துவிடுங்கள். முன்பணம் கால் பங்குக்குமேல் வேண்டாம். ‘காட்டுக்குள்ளேயே இருக்கிறது’ என்று விளம்பரம் செய்கிற இடத்தை, அந்த ஒரு வார்த்தைக்காகவே ஒதுக்கலாம். தெப்பக்காடு, மசினகுடி பகுதிகளில் வனத்துறைக்கே ஓய்வு விடுதிகள் உண்டு. வசதி குறைவு, கட்டில் மெத்தை சுமார், ஆனால் கவலையில்லாமல் தூங்கலாம். அவை நிரம்பிவிட்டால் மசினகுடி ஊருக்குள், கடைத்தெருவை ஒட்டி இருக்கும் உரிமம் பெற்ற விடுதியில் தங்குங்கள்.

இனி கல்லட்டி. இதை நிதானமாகப் படியுங்கள், ஏனென்றால் எல்லோரும் குழப்பிக்கொள்வது இங்கேதான். ஊட்டியிலிருந்து கல்லட்டி வழியாக மசினகுடிக்கு இறங்கும் பாதையில் 36 கொண்டை ஊசி வளைவுகள். ஆயிரம் மீட்டருக்கு மேல் இறக்கம். பிரேக்கை விடாமல் மிதித்தே இறங்குகிறவர்களுக்குப் பாதிவழியில் பிரேக் சூடாகிப் பிடிமானம் போய்விடும். சமவெளிக்காரர்கள் கியரைக் குறைத்து எஞ்சினால் வண்டியைப் பிடிக்கப் பழகாதவர்கள். 2018இல் ஒரே காரில் சென்னைப் பயணிகள் 5 பேர் பலியான பிறகு, வெளியூர் வண்டிகள் அதில் இறங்கத் தடை போட்டார்கள். டி.என். 43, அதாவது நீலகிரிப் பதிவு வண்டி இறங்கலாம். உங்கள் மதுரைப் பதிவு வண்டி இறங்கக் கூடாது. ஓட்டுபவர் ஊட்டிக்காரராக இருந்தாலும் பார்ப்பது நம்பர் பிளேட்டைத்தான். ஆனால் தடை இறக்கத்துக்குத்தான், ஏற்றத்துக்கு இல்லை. மசினகுடியிலிருந்து ஊட்டிக்கு உங்கள் வண்டியிலேயே அந்த வழியாக ஏறலாம். ஏறும்போது பிரேக்குக்கு வேலையில்லை. அதனால் போகும்போது ஊட்டி, பைக்காரா, கூடலூர், தெப்பக்காடு என்று சுமார் 67 கிலோமீட்டர் சுற்றிப் போங்கள், இரண்டரை மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். திரும்பும்போது கல்லட்டி ஏறுங்கள். ‘சோதனைச்சாவடியில் நான் பேசிக்கொள்கிறேன்’ என்று ஏஜென்ட் சொன்னால் கேட்காதீர்கள். பிரேக்கிடம் அவரால் பேச முடியாது.

நீலகிரிக்கு வெளியூர் வண்டிகள் இ-பாஸ் எடுக்க வேண்டும். சென்னை உயர் நீதிமன்ற உத்தரவில் 2024 மே மாதம் வந்த நடைமுறை இது. அரசு இணையதளத்தில் ஐந்து நிமிட வேலை, கட்டணம் ஒரு பைசா இல்லை. இதற்கு 300, 500 என்று வாங்குகிற ஆட்கள் மேட்டுப்பாளையத்திலேயே காத்திருப்பார்கள். வண்டி எண்ணை வாங்கிக்கொள்ளும் அந்தப் பக்கத்திலேயே ‘உங்கள் வண்டி கல்லட்டியில் இறங்க முடியாது’ என்று ஒரு வரி பெரிய எழுத்தில் போட்டிருந்தால் இந்தக் கேள்வியே வந்திருக்காது.

முதல் நாள் ஊட்டியில் தங்கிவிடுங்கள். மதுரையிலிருந்து காரில் வந்த பிள்ளைகளை அன்றே கூடலூர் மலைப்பாதையில் இறக்கினால் வாந்திதான் மிஞ்சும். இரண்டாம் நாள் காலை, ஊட்டியிலிருந்து சுமார் 10 கிலோமீட்டரில் முத்தோரை பாலாடாவில் இருக்கும் பழங்குடியினர் ஆய்வு மைய அருங்காட்சியகத்துக்குப் போங்கள். தோடர், கோத்தர், குறும்பர், இருளர், பணியர், காட்டுநாயக்கர் என ஆறு மக்களின் வீடு, கருவி, உடை எல்லாம் ஒரே இடத்தில் இருக்கின்றன. அரசு அலுவலகம் என்பதால் விடுமுறை நாளில் பூட்டியிருக்கும், முதல் நாளே விசாரித்துவிடுங்கள்.

தோடர் மந்துக்குப் போவதானால், அது அவர்கள் குடியிருக்கும் இடம், காட்சிசாலை அல்ல. அறிந்தவர் ஒருவர் மூலம் கேட்டுவிட்டுப் போங்கள். அரைப் பீப்பாயைக் கவிழ்த்தது போலிருக்கும் கோயிலருகே போகக் கூடாது. கேட்காமல் யாரையும் படம் எடுக்காதீர்கள். மகளுக்கு அங்கே காட்ட வேண்டியது ‘புகூர்’ தையல். வெளிர்நிறப் பருத்தித் துணியில் சிவப்பும் கறுப்புமாக, முன்வரைந்த கோடு எதுவுமில்லாமல், நெசவு இழைகளை ஒவ்வொன்றாக எண்ணி ஊசி போடுவார்கள். ஓர் இழை தவறினால் அந்த வரிசையே கோணிவிடும், பிரித்துத்தான் ஆக வேண்டும். 2013இல் இதற்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. ஊட்டிக் கடைகளில் இதே வடிவத்தை மெஷினில் போட்டும் அச்சடித்தும் விற்கிறார்கள். வாங்குமுன் துணியைத் திருப்பிப் பாருங்கள்: அச்சென்றால் பின்பக்கம் வெறுமையாக இருக்கும், மெஷின் என்றால் வேறு நூல் ஓடியிருக்கும். ஒரு சால்வைக்கு வாரக்கணக்கில் உழைப்பு போகிறது, நூறு இருநூறு ரூபாய்க்கு அசல் கிடைக்காது. நியாயமான விலையைத் தைத்தவர் கையிலேயே கொடுத்துவிட்டு வாருங்கள். கேம்ப் ஃபயரைச் சுற்றி ஆடவைத்து, மொத்தப் பணத்தையும் ஏஜென்ட் எடுத்துக்கொள்ளும் ‘ட்ரைபல் டான்ஸ்’ஸில் கிடைக்காத மரியாதை அதில் அவர்களுக்குக் கிடைக்கும்.

மதியச் சாப்பாடு முடித்துக் கிளம்பினால் மாலை 5 மணிக்குள் தெப்பக்காடு. யானைகள் முகாமில் காலை எட்டரை, மாலை ஐந்தரை மணியை ஒட்டி உணவு கொடுப்பார்கள். பிரிட்டிஷ் காலத்தில் மரம் இழுக்க வைத்திருந்த யானைகளின் முகாம் இது. இப்போது இங்குள்ள கும்கிகள் ஊருக்குள் வரும் யானைகளை விரட்டப் போகின்றன. கேழ்வரகும் கொள்ளும் வேகவைத்துக் கட்டிகளாக்கி, வெல்லம், உப்பு, தேங்காய் சேர்த்து உருட்டி, பாகனும் அவருக்கு உதவியான காவடியும் யானையின் வாய்க்குள்ளேயே வைப்பார்கள். எந்த யானைக்கு எது எவ்வளவு என்பது தனித்தனிக் கணக்கு. மகளை அதைக் குறித்துக்கொள்ளச் சொல்லுங்கள். சின்னவனுக்கு இந்த அரை மணி நேரமே பயணத்தின் பெரிய காட்சியாக இருக்கும்.

மூன்றாம் நாள் காலை சஃபாரி. புலி வரும் என்று வீட்டிலேயே சொல்லி அழைத்து வராதீர்கள், வராவிட்டால் மீதி எல்லாம் பிள்ளைகளுக்குப் பாழாகிவிடும். செப்டம்பர், அக்டோபரில் மழையில் புதர் அடர்ந்திருக்கும், தூரத்தில் நிற்பது கண்ணுக்குப் படாது. ஆனால் சாலையோரப் புல்லுக்குப் புள்ளிமான் கூட்டமாக வரும். வெள்ளைக் காலுறை போட்டதுபோல் நிற்கும் காட்டெருமை, மரத்துக்கு மரம் தாவும் மலை அணில், மசினகுடிப் பக்கம் வானத்தில் வட்டமிடும் பாறு கழுகு என்று பத்துப் பெயர் எழுதிக் கொடுங்கள், பார்த்ததை டிக் அடிக்கட்டும். இருவருக்கும் முழுக்கை, முழுக்கால் உடை, மங்கலான நிறம், உள்ளே ஒரு ஸ்வெட்டர். திரும்பியதும் காதுக்குப் பின்னாலும் முழங்கால் மடிப்பிலும் உண்ணி ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள். ஏறுமுன் கழிவறைக்கு அனுப்பிவிடுங்கள், நடுக்காட்டில் வண்டியை நிறுத்தி இறங்க முடியாது. தின்பண்டம் கையில் வேண்டாம். தண்ணீருக்கு வீட்டிலிருந்தே எவர்சில்வர் பாட்டில் கொண்டுவாருங்கள், சின்னப் பிளாஸ்டிக் பாட்டில்களைச் சாவடியிலேயே வாங்கி வைத்துக்கொள்வார்கள். மாமியாருக்குக் குலுங்கும் ஜீப் ஒத்துவராது என்றால் அவர் காலைச் சஃபாரியை விட்டுவிட்டு முகாமுக்கு மட்டும் வரலாம்.

நான்காம் நாள் வெயில் ஏறுமுன் கல்லட்டி ஏறிவிடுங்கள். நேரமிருந்தால் ஊட்டியிலிருந்து குன்னூர்வரை பிள்ளைகளைப் பெரியவர் ஒருவரோடு மலை ரயிலில் அனுப்பி, மற்றவர்கள் காரில் முன்னால் போய்க் காத்திருக்கலாம். ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல் ஆகும். மேட்டுப்பாளையத்திலிருந்து முழுப் பாதையும் ஏறுவது ஐந்து மணி நேரம், ஐந்து வயதுக்கு அது தாங்காது.