சிஆர்எம்மில் பழைய செயல்பாடுகளின் வரிசை: கேள்வி பதில்

கேள்வி: ஆறு மாதத்துக்கு முன் பேசிய அழைப்பு இன்று திடீரென்று சிஆர்எம் (வாடிக்கையாளர் தொடர்புகளைப் பதியும் மென்பொருள்) ஹிஸ்டரியில் முதலாவதாக வந்து நிற்கிறது. ஏன்?

பதில்: யாரோ அதைத் திறந்து ஓர் எழுத்துப்பிழையைத் திருத்தியிருப்பார்கள். ஒரு செயல்பாட்டுக்குப் பல தேதிகள் உண்டு: கெடு தேதி, முடித்த தேதி, பதிவு உருவான தேதி, கடைசியாகத் திருத்திய தேதி. உங்கள் பட்டியல் கடைசியில் சொன்னதைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. வாடிக்கையாளரோடு என்ன நடந்தது என்று பார்க்கத்தான் ஹிஸ்டரி. எனவே அழைப்புக்குத் தொடங்கிய நேரம், மின்னஞ்சலுக்கு அனுப்பிய நேரம், டாஸ்க்குக்கு முடித்த நேரம் என்று வைப்பதே சரி. யார் எப்போது திருத்தினார்கள் என்பதற்குத் தனி லாக் இருக்கட்டும்.

கேள்வி: சேல்ஸ்ஃபோர்ஸ் என்ற சிஆர்எம்மில் ஒரு டாஸ்க்கை இரண்டு வாரம் தாமதமாக முடித்தேன். அது பழைய கெடு தேதியில் போய் உட்கார்ந்துவிட்டது.

பதில்: டாஸ்க்கின் ஆக்டிவிட்டிடேட் ஃபீல்டில் இருப்பது கெடு தேதிதான். அதில் மணி, நிமிடமும் கிடையாது. ஒரே நாளுக்கு மூன்று டாஸ்க் இருந்தால் எது முந்தி என்று அதை வைத்துச் சொல்ல முடியாது. முடித்த நேரம் கம்ப்ளீட்டட்டேட்டைம் என்ற ஃபீல்டில் இருக்கிறது, அதைப் பாருங்கள்.

கேள்வி: பழைய மென்பொருளிலிருந்து மாறினோம். ஐந்து வருட ஹிஸ்டரியும் ஒரே நாளில் நடந்ததுபோல் தெரிகிறது!

பதில்: இம்போர்ட் செய்த நாளே உருவான தேதியாகப் பதிவாகிவிட்டது. ஹப்ஸ்பாட் என்ற சிஆர்எம்மில் ஏபிஐ (ஒரு மென்பொருள் இன்னொன்றோடு பேசும் வழி) வழியாக ஏற்றினால், எச்எஸ்_டைம்ஸ்டாம்ப் என்ற ஃபீல்டில் உண்மையான நேரத்தைக் கொடுங்கள். டைம்லைனில் இடத்தை முடிவுசெய்வது அதுதான். சேல்ஸ்ஃபோர்ஸில் உருவான தேதியை ஏற்றும்போதே தர வேண்டும், அதற்குத் தனி அனுமதி தேவை. ஏற்றிய பிறகு அந்தத் தேதியை மாற்ற முடியாது. முதலில் பத்துப் பதிவுகளை மட்டும் ஏற்றிப் பார்த்திருந்தால் இந்தத் தலைவலி வந்திருக்காது.

கேள்வி: சொந்தமாக சிஆர்எம் எழுதுகிறோம். தேதியே இல்லாத பதிவுகள் மேலே வருகின்றன.

பதில்: தரவுத்தளம் போஸ்ட்கிரெஸ்தானே? இறங்குவரிசையில் (புதியது முதலில்) அது வெற்று மதிப்புகளை முதலில் வைக்கும். மைஎஸ்கியூஎல் என்ற தரவுத்தளம் கடைசியில் வைக்கும். வரிசைப்படுத்தும் கட்டளையில் ‘நல்ஸ் லாஸ்ட்’ (வெற்று மதிப்புகள் கடைசியில்) என்று சேர்த்துவிடுங்கள். அப்புறம், நேரம் சமமாக இருந்தால் ஐடியை வைத்து வரிசைப்படுத்தச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் பட்டியலைப் பக்கம் பக்கமாகக் காட்டும்போது ஒரே பதிவு இரண்டு பக்கங்களில் வரலாம், வேறொன்று எதிலும் வராமல் போகலாம்.

கேள்வி: புதியது மேலேயா, கீழேயா?

பதில்: மேலே. புகாரை ஆரம்பத்திலிருந்து படிப்பவருக்கு மட்டும் திருப்பிப்போட ஒரு பட்டன் கொடுங்கள்.