மென்பொருளில் பழைய கிரகணம் தெரியவில்லையா?

வாசகர் கேள்வி: கி.மு. 899 ஏப்ரல் 21 அன்று சூரிய கிரகணத்தால் சீனாவில் இருமுறை விடிந்தது என்று படித்தேன். வானத்தைக் காட்டும் ஸ்டெல்லேரியம் மென்பொருளில் ஆண்டு -899 போட்டால் கிரகணமே இல்லை. பழைய சீன வரலாற்றுத் தேதிகளை நம்பலாமா?

பதில்: ஆண்டு எண்தான் சிக்கல். வரலாற்றுக் கணக்கில் கி.மு. 1க்கு அடுத்தது கி.பி. 1. வானியல் மென்பொருளோ நடுவில் 0 என்று ஓர் ஆண்டை வைத்துக்கொள்கிறது. அதனால் -898 என்று கொடுங்கள், கிரகணம் கிடைத்துவிடும்.

ஆனாலும் இந்தக் கிரகணத்தை மட்டும் வைத்து முடிவெடுக்க வேண்டாம். சோ வம்சத்து யீ மன்னரின் முதலாம் ஆண்டில் ஜெங் என்ற ஊரில் இருமுறை விடிந்தது என்பதோடு பழைய சீன ஏட்டின் குறிப்பு முடிந்துவிடுகிறது. விடியும் நேரத்தில் கிரகணம் பிடித்து விலகினால் அப்படித் தோன்றும். கிரகணம் என்ற பேச்சும் இல்லை, எந்த நாள் என்பதும் இல்லை. பூமியின் சுழற்சி மெதுவாகிக்கொண்டே வருவதால், அந்தக் காலத்துக்குக் கடிகாரத்தை ஏறத்தாழ ஆறு மணி நேரம் திருத்த வேண்டும். அந்தத் திருத்தம் கொஞ்சம் மாறினாலும் கிரகணம் ஜெங்கின் விடியலோடு பொருந்தாது.

நாளின் பெயர் உள்ள குறிப்புதான் பலமானது. நமக்குப் பிரபவ முதல் 60 ஆண்டுகள் இருப்பதுபோல, சீனர்கள் நாட்களுக்கே 60 பெயர்கள் வைத்து விடாமல் எண்ணி வந்தார்கள். பழைய சீனாவின் லூ என்ற சிறு நாட்டின் வரலாற்று ஏட்டில், யின் கோமகனின் 3ஆம் ஆண்டு, 2ஆம் மாதம், ஜிசி நாளில் கிரகணம் என்று இருக்கிறது. ஜிசி அந்த வரிசையில் ஆறாவது. இப்போது கி.மு. 720 பிப்ரவரி 22, அதாவது -719, போட்டுப் பாருங்கள். கிரகணம் உண்டு. வானியலாளர்கள் நாட்களை விடாமல் எண்ணும் ஜூலியன் நாள் எண் அன்றைக்கு முழு எண்ணாக 1458496. சீன வரிசையின் தொடக்கத்தோடு பொருந்த அதில் 11ஐக் கழித்து 60ஆல் வகுத்தால் மீதி 5, ஒன்று கூட்டினால் 6. ஜிசியேதான்! வானமும் ஏடும் தனித்தனியாக ஒரே நாளைச் சொல்கின்றன.

சீனாவில் ஆண்டு வரிசை தொடர்ச்சியாகக் கிடைப்பது கி.மு. 841 முதல்தான். அதற்கு முன்னால் போக இந்த முறைதான் பெரிய துணை. சீனாவின் அன்யாங்கில் கிடைத்த, குறி கேட்டு எழுத்து பொறித்த ஆரூட எலும்புகளில் ஐந்து சந்திர கிரகணங்கள் நாள் பெயரோடு இருக்கின்றன. ஷாங் வம்சத்து ஊ திங் மன்னரின் காலத்தைக் கணிக்க அவை முக்கிய ஆதாரம். ஒன்றில் ஜிவெய் நாள் முடிந்து கெங்ஷென் பிறக்கும் இரவில் கிரகணம் என்று பொறித்திருக்கிறார்கள். கி.மு. 1192 டிசம்பர் 27 இரவு அதற்குப் பொருந்துகிறது. அடுத்து -1191 போட்டு, இடத்தை அன்யாங் என்று மாற்றி அதைப் பாருங்கள்.